கண்டிக் கிளினிக்கை விட்டு டிக்கோயாவுக்கு மாறலாமா?

கேள்வி சுருக்கமாக இது: நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் அம்மாவுக்கு 61 வயது. முதுகெலும்புத் தட்டு விலகி, காலுக்குப் போகும் நரம்பு நசிந்து, இரண்டு வருடமாகக் கண்டியில் ஒரு வலிக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். டிரமடோல் 50 மில்லிகிராம் ஒரு நாளைக்கு நான்கு, இரவில் நரம்பு வலிக்கான பிரிகபலின் 75 ஒன்று. மருந்து தொடங்கும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்: இந்த மருந்தை வேறு டொக்டரிடம் வாங்கமாட்டேன், தொலைந்தால் திரும்பக் கேட்கமாட்டேன், யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று. இப்போது மாதாமாதம் கண்டிக்குப் போய்வர அம்மாவால் முடியவில்லை; துணைக்குப் போகும் மகளுக்கும் ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், போகிறது. பக்கத்திலுள்ள டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு மாறினால் கையெழுத்தை மீறியதாகுமா? மாறுகிற இடைவெளியில் மருந்து முடிந்தால் என்ன செய்வது? பக்கத்து லயத்தில் ஒருவருக்கு இதே குளிசை கிடைக்கிறது, கொஞ்சம் கடன் வாங்கலாமா?

முதலாவதுக்குப் பதில்: மாறலாம். அந்தத் தாள் அம்மாவை அந்த டொக்டரோடு கட்டிப்போடும் உறுதிப்பத்திரம் கிடையாது. அதில் இருக்கும் வாக்கியங்களைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கையால் வாங்காதே என்பதுதான் அதன் சாரம். சொல்லிவிட்டு, கடிதத்தோடு, ஒரு கிளினிக்கை மூடி இன்னொன்றைத் திறப்பது அதற்குள் வராது. சொல்லாமல் டிக்கோயாவில் ஒரு புதுக் கிளினிக் கொப்பி (நோயாளியின் மருந்தும் திகதியும் எழுதும் கொப்பி) போட்டுக்கொண்டு, கண்டித் திகதிக்கும் போய் வாங்குவதுதான் மீறல். நல்ல மனதோடு செய்தாலும் அது அப்படித்தான் தெரியும். இரண்டு கொப்பி வைத்திருப்பவர் வலிக்காக வைத்திருக்கிறாரா, விற்பதற்காக வைத்திருக்கிறாரா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

இப்படிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே ஓபியொயிட் வகை (டிரமடோலும் மோர்பினும் அந்த வகைதான்) வலி மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டு, பெருந்தொகையானோர் அதில் சிக்கி இறந்தபோது, ஒரு டொக்டர், ஒரு பார்மசி, திடீர்ச் சிறுநீர்ப் பரிசோதனை, குளிசை எண்ணிப் பார்ப்பது என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். யார் எங்கே என்ன வாங்கினார் என்பதைக் காட்டும் கணினிப் பதிவும் மாநிலந்தோறும் இருக்கிறது. இங்கே எல்லாக் கிளினிக்கிலும் தாள் கொடுப்பதில்லை. நம் பக்கம் அந்தப் பதிவேட்டின் வேலையைச் செய்வது அம்மாவின் கிளினிக் கொப்பிதான். அதனால்தான் கொப்பியைத் தொலைப்பது, இரண்டாவது கொப்பி போடுவது, ஒரு பக்கத்தைக் கிழிப்பது எல்லாம் இந்த மருந்து எடுப்பவருக்கு மற்ற நோயாளிகளைவிடப் பெரிய விஷயம்.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டு டொக்டர் ஒரே நேரத்தில் எழுதினால் மருந்து கூடிப்போகும். இருவரில் ஒருவருமே எழுதாத இரண்டு வாரம் வந்தால் மருந்து திடீரென்று நின்றுபோகும். கூடுவதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் கிளினிக் மாறும்போது அடிக்கடி நடப்பது மற்றது: கண்டியை விட்டாச்சு, டிக்கோயாவில் இன்னும் ஏற்கவில்லை, குளிசை மூன்று நாளில் முடிகிறது. கீழே சொல்லும் ஒழுங்கு முழுவதும் அந்த இடைவெளி வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

முழுசாக மாறவேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள். பலருக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: எவ்வளவு, எப்படி என்ற முடிவு கண்டியில் இருக்கட்டும், மாதாந்த மருந்து மட்டும் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடைக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ கண்டி டொக்டர் பார்ப்பார். நடுவில் வரும் மாதங்களில் அவர் கொப்பியில் எழுதிய அளவை மாற்றாமல் பக்கத்து கிளினிக்கில் எழுதிக் கொடுப்பார்கள். நரம்பு வலியைப் பார்க்கத் தெரிந்தவரை முழுசாக விட்டுவிட்டு வருவது, பஸ் அலைச்சலைக் குறைப்பதற்குக் கொடுக்கும் பெரிய விலை. அளவு நிலையாக இருக்கும் நோயாளி என்றால், இந்தப் பாதி மாற்றத்துக்கு டொக்டர்மார் இலகுவாகச் சம்மதிப்பார்கள். புது டொக்டருக்கும் பொறுப்பு முழுக்கத் தன் தலையில் விழவில்லை என்ற நிம்மதி. அம்மாவுக்கு இரண்டு வருடமாக அளவு மாறவில்லை என்றால் நான் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

எந்த ஆஸ்பத்திரி என்பதை தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நோர்வூட்டிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட. கண்டிப் பாதையிலேயே நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலை. மற்றப் பக்கம் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. வீட்டுக்கு மிகக் கிட்ட இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் ஓபிடியும் (வெளிநோயாளர் பிரிவு) வார்டும் இருக்கும், ஆனால் இந்த மருந்தை மாதக் கணக்கில் எழுதுவதற்குத் தேவையான விசேட டொக்டர் இருக்கமாட்டார். மருந்து அறையிலும் இது இருக்காது. ஆகவே மாறுவதற்கு முன் ஒருவர் நேரில் போய் மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே கேட்கவேண்டும்: டிரமடோல் 50 இருக்கிறதா, பிரிகபலின் 75 இருக்கிறதா, மாதக் கிளினிக்காருக்குக் கொடுக்கிறீர்களா? டொக்டர் சம்மதித்து, மருந்து அறையில் இல்லை என்று தெரியவந்து, வெளிப் பார்மசியில் காசுக்கு வாங்கு என்று துண்டு கையில் வரும்போதுதான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். பிரஷர் பார்ப்பது, நிறை பார்ப்பது, அவசரத்தில் வாகனம் பிடித்துத் தருவது எல்லாம் அங்கே நடக்கும். இந்த மருந்தை மாதாமாதம் எழுதும் இடம் அது இல்லை.

இனிக் கடிதம். கண்டி டொக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். காரணம் தூரம் என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள், அவர்களுக்கும் ஒரு நோயாளி குறைகிறார். காரணம் வேறு என்றாலும், அதாவது வலி கேட்கவில்லை, பேச்சு சரியில்லை என்றாலும், கடிதம் கேட்கும்போது தூரத்தை மட்டும் சொன்னால் போதும். மற்றதைப் புது டொக்டரிடம் மருத்துவ விஷயமாகச் சொல்லலாம். கிளினிக்கில் சிங்களம்தான் ஓடுகிறது என்றால் இந்த ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'வென இஸ்பிரிதாலெகட்ட மாரு வென்ன லியுமக் தென்ன புளுவன்த?' வேறு ஆஸ்பத்திரிக்கு மாறக் கடிதம் தரமுடியுமா என்று அர்த்தம். கேட்கும் நேரமும் முக்கியம். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது உள்ளே போய் எழுந்திருக்கும் தறுவாயில் கேட்டால், 'இவரைத் தொடர்ந்து பார்க்கவும்' என்று ஒரு வரிதான் கிடைக்கும். உட்கார்ந்தவுடன் கேளுங்கள், அல்லது முதல் மாதம் சொல்லிவைத்து அடுத்த மாதம் வாங்குங்கள்.

அந்த ஒரு வரிக் கடிதம் புது இடத்தில் வேலைக்காகாது. கடிதத்தில் இருக்கவேண்டியவை இவை: என்ன நோய், எந்த ஸ்கேனில் தெரிந்தது, எப்போது. மருந்தின் பொதுப் பெயர், ஒன்றில் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரம். எந்த மாதத்திலிருந்து இந்த அளவு, கடைசியாக எப்போது கூட்டினார்கள் அல்லது குறைத்தார்கள். இதற்கு முன் எதைக் கொடுத்துப் பலிக்கவில்லை. கடைசியாக எந்தத் திகதியில் எத்தனை குளிசை கொடுத்தார்கள். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் எவ்வளவு. கையெழுத்து வாங்கிய தாள் இருக்கிறது, அதன்படி நோயாளி ஒழுங்காக நடந்தார் என்ற வரி. முடிவில் டொக்டரின் சீலும் பதிவு இலக்கமும். இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். எல்லாவற்றையும் அவரே எழுதுவார் என்று இருக்காமல், கொப்பியைப் பார்த்து நீங்களே ஒரு தாளில் இந்தத் தகவல்களை எழுதிக் கொண்டுபோனால் அவர் அதைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவார்.

மேலே சொன்னதில் ஒழுங்காக நடந்தார் என்ற வரியையும் கிரியற்றினினையும் விட்டுவிடாதீர்கள். ஒழுங்காக நடந்தார் என்று பழைய டொக்டர் எழுதிய வரி, புது டொக்டரின் சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்கும். கிரியற்றினின் ஏனென்றால், டிரமடோல் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாகப் பழுதானவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று என்பதைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றாக்கி, ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுக்கவேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு உச்ச அளவு 400. அம்மாவின் 200 நடு அளவுதான், ஆனால் அந்த நடு அளவே சிலருக்கு உச்சம்.

பெயர்ப் பிரச்சினையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தோட்டப் பக்கம் இது அடிக்கடி கவிழ்க்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள எழுத்திலிருந்து வந்த வேறொரு எழுத்துக்கூட்டல், கிளினிக் கொப்பியில் நர்ஸ் காதில் விழுந்தபடி மூன்றாவது. பிரஷர் மருந்துக்கு இது யாருக்கும் பொருட்டில்லை. இந்த வகை மருந்துக்கு, கடிதத்திலுள்ள பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் ஜன்னலில் நிறுத்திவிடுவார்கள். கடிதத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லி, இலக்கத்தையும் போடச் சொல்லுங்கள். அம்மாவிடம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை இருந்தால் அதே இலக்கம், புதுப் பன்னிரண்டு எண் அட்டை என்றால் அது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாவிக்கவேண்டாம்.

திகதிக் கணக்குக்கு ஓர் உதாரணம். மார்ச் 1ஆம் திகதி கண்டியில் 30 நாளுக்கு 120 டிரமடோல் கொடுக்கிறார்கள், அன்றே கடிதமும் வாங்குகிறீர்கள். அன்று காலையிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கினால் மார்ச் 30 இரவோடு முடியும். டிக்கோயாவில் முதல் நாளே கிளினிக்கில் சேர்க்கமாட்டார்கள். ஓபிடி, அங்கிருந்து துண்டு, பிறகு கிளினிக் நாள் என்று ஒரு வாரமாவது இழுக்கும். ஆகவே மார்ச் 17க்குள் அங்கே உட்கார்ந்திருக்கவேண்டும். 17ஆம் திகதி காலை முதல் குளிசை எடுப்பதற்கு முன் எண்ணினால் கையில் 56 இருக்கவேண்டும், சரியாகப் பதினான்கு நாள். அந்த 56ஐயும் ஆஸ்பத்திரிக் கவரோடு அப்படியே கொண்டுபோங்கள். எண்ணிப் பார்க்கிறேன் என்று டொக்டர் சொன்னால் மேசையில் வைக்கலாம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லலாம். 40தான் இருக்கிறது என்றால் நான்கு நாள் மருந்து கூடுதலாகப் போயிருக்கிறது. அதை மறைப்பதைவிட 'குளிருக்கு வலி கூடி இரண்டு வாரத்தில் பதினாறு குளிசை கூட எடுத்துவிட்டார்' என்று சொல்வது நல்லது. அது டொக்டருக்கு ஒரு தகவல்: இந்த அளவு போதவில்லை, அல்லது மருந்தின் பிடி இறுகுகிறது. இரண்டில் எது என்று பார்ப்பது அவர் வேலை.

டிக்கோயாவில் மருந்து கையில் வரும்வரை கண்டியின் அடுத்த திகதியை விடவேண்டாம். வந்தபிறகு விடுங்கள், சும்மா விடாமல் அறிவித்து விடுங்கள். ஒரு வரி போதும்: இன்ன திகதியிலிருந்து இன்ன ஆஸ்பத்திரியில் எடுக்கிறார். கண்டிப் பதிவில் 'வரவில்லை' என்று இருப்பதும் 'மாற்றப்பட்டார்' என்று இருப்பதும், நாளை அம்மா திரும்பிப் போகவேண்டி வந்தால் இரண்டு வேறு வரவேற்பு. டிக்கோயாவில் முதல் மருந்து எழுதும்போது கையிலுள்ள 56ஐக் கழித்து, 31ஆம் திகதியிலிருந்து தொடங்குமாறு எழுதச் சொல்லுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று மேலதிகமாகப் பதினான்கு நாள் சேர்த்துவைப்பது பிறகு கணக்குக் கேட்கும்போது பொல்லாப்பு.

மாதத்தைத் தெரிவு செய்யமுடிந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை மாறுங்கள். மே கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் கண்டிப் பாதையில் கினிகத்தேனைப் பக்கம் மண்மேடு சரிவது சாதாரணம். செப்டெம்பர்வரை அந்தப் பயம் இருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்கு மலையகப் பாதைகள் நாள்கணக்கில் அடைபட்டது மறந்திருக்காது. மழைக்காலத்தில் கிளினிக்குக்குப் போகும்போது, முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்கூட்டித் திகதி தரமுடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. மருந்து முடிகிற அன்றே கிளினிக் என்று வைப்பது தரைநாட்டுக் கணக்கு.

புது டொக்டர் கேட்கக்கூடியவற்றுக்கு அம்மாவைத் தயார்ப்படுத்துங்கள். சாராயம், கசிப்பு உண்டா என்று கேட்பார். அவமதிப்பாக எடுக்கவேண்டாம், மதுவும் டிரமடோலும் பிரிகபலினும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தூக்கத்துக்கு டயசிபாம் மாதிரி ஏதாவது எடுக்கிறாரா என்பதும் அதே காரணம். மன அழுத்தத்துக்கு ஃபுளொக்செற்றின், செர்ட்ரலின், அல்லது நரம்பு வலிக்கே கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எடுத்தால் கட்டாயம் சொல்லவேண்டும். டிரமடோலோடு சேர்ந்து வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், உடம்பு நடுங்கி வியர்த்து மனம் குழம்பும் நிலையும் வரலாம். தடிமனுக்குக் குடிக்கும் பிரிட்டன் (Piriton) குளிசையைக்கூடச் சொல்லுங்கள், அது தூக்கத்தைக் கூட்டும். வெளியில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் எழுதிய துண்டு எதுவும் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

பனடோல் கணக்கை இங்கே தனியாகப் போடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரி மாறும்போது மருந்தின் உருவமும் மாறலாம். சில இடங்களில் தனி டிரமடோல் இல்லாமல், டிரமடோல் 37.5 உடன், பனடோலில் இருக்கும் அதே பரசிற்றமோல் 325 சேர்ந்த குளிசை கொடுப்பார்கள். பெயர் வேறாக இருப்பதால் வீட்டில் உள்ளவர்களுக்கு உள்ளே பனடோல் இருப்பது தெரியாது. நாளைக்கு நான்கு எடுத்தால் அதிலேயே 1300 மில்லிகிராம் பரசிற்றமோல். அதற்கு மேல் பழக்கத்துக்கு இரண்டிரண்டாக மூன்று வேளை பனடோல் போட்டால் 3000. மொத்தம் 4300. உச்ச அளவு 4000, அதுவும் நல்ல உடம்புக்காரருக்கு. நாற்பது கிலோவுக்குச் சற்று மேலே நிறையுள்ள, அரைவயிறு சாப்பிடும் அம்மாவுக்கு அதைவிட நிறையக் குறைவு. ஈரல் பழுதாகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

புது டொக்டர் அளவைக் குறைத்தால்? குறைக்கலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. வேறு ஓபியொயிட்டுக்கு மாற்றினால் கணக்குப்படி வரும் அளவிலிருந்து கால்வாசி முதல் பாதிவரை குறைத்தே தொடங்குவார்கள், அது தண்டனை இல்லை. ஒரு மருந்துக்குப் பழகிய உடம்பு மற்றதற்கு அதே அளவு பழகியிருக்காது, அதனால் அப்படித்தான் செய்யவேண்டும். ஆனால் ஒரே மருந்தை, ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு, இன்றோடு நிறுத்து என்று சொல்வது சரியான முறை கிடையாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல் இதைக் குறித்தே எச்சரித்தது: திடீரென்று நிறுத்தப்பட்டவர்கள் தாங்கமுடியாத வலியிலும் மன உளைச்சலிலும் விழுந்தார்கள், சிலர் உயிரை மாய்க்கும்வரை போனார்கள். அங்கே 2022இல் வந்த வழிகாட்டல் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு மாதத்துக்குப் பத்து வீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைக்கச் சொல்கிறது. அம்மாவின் 200இல் பத்து வீதம் 20 மில்லிகிராம். 50 மில்லிகிராம் கப்ஸ்யூலை வெட்ட முடியாதே! அதனால்தான் குறைக்க நினைக்கும் டொக்டர் அளவு குறைந்த குளிசை எங்கே கிடைக்கும் என்று தேடுவார். நான்கு வேளையும் 37.5 ஆக்கினால் 150, அது ஒரேயடியாகக் கால்வாசிக் குறைப்பு. சிலர் தாங்குவார்கள், சிலருக்கு அது பெரிய படி. ஆகவே 'குறைக்கமாட்டேன்' என்று சண்டை பிடிப்பதைவிட 'எவ்வளவு வேகத்தில் குறைப்பீர்கள், இடையில் வலி கூடினால் எந்த நாளில் வரலாம்' என்று கேட்பது பலன் தரும். ஏற்கவே மாட்டேன் என்றால், அதையும் கொப்பியில் எழுதித் தரச்சொல்லிக் கண்டிக்கே திரும்புங்கள். அந்தத் திகதியை விடாமல் வைத்திருக்கச் சொன்னது இதற்கும்தான்.

எல்லாம் செய்தும் மருந்து முடிந்துவிட்டால், முடிவதற்கு இரண்டு நாள் முன்னே கொப்பியோடும் கடிதத்தோடும் ஓபிடிக்குப் போங்கள். 'மே பெஹெத் தவஸ் தெக்ககின் இவர வெனவா', இந்த மருந்து இரண்டு நாளில் முடிகிறது, என்று முதலில் சொல்லுங்கள். வலிக்கிறது என்று தொடங்கினால் டிக்ளோபினாக் ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊசி மருந்து நிற்பதால் வரும் தொல்லைக்கு ஒன்றும் செய்யாது. பிரஷருக்கு லோசாட்டன் அல்லது எனலபிரிலும், கால் வீக்கத்துக்கு நீர்க் குளிசையும் எடுப்பவருக்கு மேலே டிக்ளோபினாக் சேர்ந்தால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும்.

மருந்து நின்றால் என்ன வரும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். பெரும்பாலும் கடைசிக் குளிசையிலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கும்: கொட்டாவி, மூக்கு ஒழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப் பிசைவு, வயிற்றோட்டம், தூக்கமின்மை. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் தணியும். மலைப்பக்கம் இதைத் தடிமன் காய்ச்சல் என்று நினைத்து கொத்தமல்லி அவித்துக் கொடுப்பவர்கள் உண்டு. டிரமடோலுக்கு மட்டும் இன்னொரு முகம் இருக்கிறது: காரணமில்லாப் பதற்றம், தோலில் ஊசி குத்துவது, மனக்குழப்பம். பிரிகபலினும் சேர்ந்து நின்றால் இன்னும் மோசம்; அதைக் குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகத்தான் நிறுத்தவேண்டும், திடீரென்று நின்றால் சிலருக்கு வலிப்பு வரும்.

இதைவிட ஆபத்தானது அதற்குப் பின்னால் வருவது. பத்து நாள் மருந்து இல்லாமல் இருந்தவர், மருந்து கிடைத்த அன்று விட்டதைப் பிடிக்கிறேன் என்று பழைய அளவையே எடுத்தால், அல்லது கூட்டி எடுத்தால், உடம்பு தாங்காது. மருந்தைத் தாங்கும் உடம்பின் பழக்கம் சில நாளிலேயே இறங்கத் தொடங்கும். இடைவெளி எத்தனை நாள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் அளவில் திரும்பத் தொடங்கவேண்டும். ஆளை எழுப்ப முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே, குறட்டை போல் கரகரப்பு, உதடு நீலம், கண்மணி ஊசிமுனை மாதிரி என்றால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். லயத்துப் பெயரையும் டிவிசன் பெயரையும் மட்டும் சொன்னால் சாரதிக்குத் தெரியாது, கிட்டிய கோயிலையோ தொழிற்சாலையையோ சேர்த்துச் சொல்லி, ஒருவரைப் பெரிய ரோட்டில் நிறுத்துங்கள்.

பக்கத்து லயத்துக் குளிசை: வேண்டாம். அவருடையது 50ஆ 100ஆ, சாதாரணமா, பன்னிரண்டு மணித்தியாலம் மெல்லக் கரையும் வகையா என்று உறையில்லாமல் தெரியாது. மெல்லக் கரையும் வகையைப் பாதியாக வெட்டியோ நசித்தோ கொடுத்தால் பன்னிரண்டு மணித்தியாலத்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். கொடுத்தவருக்கு மாத முடிவில் எண்ணிக்கை குறையும், அவரும் ஏதாவது தாளில் கையெழுத்து வைத்திருப்பார். அவர் எடுப்பது மோர்பின் என்றால் விஷயம் இன்னும் தடிப்பு. 1929ஆம் ஆண்டு நஞ்சு, அபின் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற மருந்து அது, கைமாற்றுவது உதவி என்ற கணக்கில் வராது. புற்றுநோய்க்காரருக்கு மோர்பின் கொடுக்கும் கிளினிக் மாறுவதென்றால், மேலே சொன்ன சந்தேகக் கண்ணெல்லாம் வெகு குறைவு. பதுளை, கண்டி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவிலேயே கேட்டால் கிட்டிய ஆஸ்பத்திரிக்கு அவர்களே எழுதித் தருவார்கள்.

வீட்டில் வைப்பது பற்றி ஒன்று. ஓர் அறை லயத்தில், சாமிப் படத் தட்டில் குளிசை வைத்தால் பிள்ளைகளுக்கு எட்டும், வந்துபோகிறவர் கண்ணிலும் படும். பூட்டுள்ள தகரப் பெட்டிக்குள் ஆஸ்பத்திரிக் கவரோடு வையுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போதும் அதே கவர், கூடவே கொப்பி. பழைய கிளினிக்கில் கொடுத்து, புது டொக்டர் நிறுத்திவிட்ட மருந்து மிஞ்சினால் அடுத்த தடவை மருந்து ஜன்னலிலேயே திருப்பிக் கொடுங்கள். குளிசைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் துண்டுக்கு எப்போதாவது மாற்றினால், அதை ஒட்டியபடி அடுப்படியில் குளிர்காயவோ, சுடுநீர்ப் பையை அதன்மேல் வைக்கவோ கூடாது. சூட்டுக்கு மருந்து வேகமாக உடம்புக்குள் இறங்கும்.